இரண்டு கையும் தெரிய

மீசையை எடுத்துவிட்டு வந்து பேசு என்று ஒரு ஆளிடம் எப்படிச் சொல்வது. அடர்த்தியான மீசை, மேலுதட்டை முழுக்க மூடி ஓரங்களில் கீழே வேறு இறங்கியிருக்கிறது. சட்டையில் குத்திய அட்டையில் தினகரன் என்று பெயர். தினகரன் பேசும்போது எனக்குக் கிடைப்பது கீழுதடும் கீழ்ப்பல் வரிசையும்தான். அதை வைத்துக்கொண்டு ஒருவன் பேச்சைப் படிப்பது, பாதி கிழிந்த சுவரொட்டியில் படத்தின் பெயரைக் கண்டுபிடிப்பது மாதிரி. நடுவில் இரண்டு பல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கிறது. கறை இருக்கிறது, வெற்றிலை இல்லை, டீ. பல் செட் கட்டும் லேபில் வேலை பார்த்தே தலை நரைத்த காது கேளாதவனுக்கு வாய் என்றால் முதலில் பல், அப்புறம்தான் பேச்சு. பேச்சை என் மகள் ஜெனோவா பார்த்துக்கொள்வாள். அவள் எனக்கும் அவனுக்கும் நடுவில், ஆனால் மறைக்காமல், கொஞ்சம் பக்கவாட்டில் நிற்கிறாள். அவள் முகம் அவனுக்கு, கைகள் எனக்கு. நடக்கப் பழகிய கொஞ்ச நாளிலேயே அவள் போய் நிற்க ஆரம்பித்த இடம் அது. மின்சார ஆபீஸில், ஆஸ்பத்திரியில், பங்குச் சாமியாரின் அறையில், எங்கே போனாலும் தரையில் கோடு போட்டு வைத்திருப்பது போல அந்த இடத்துக்கு நகர்ந்துகொள்வாள். பாவாடை சட்டையில் நின்றாள், பள்ளிச் சீருடையில் நின்றாள், இப்போது சுடிதாரில் நிற்கிறாள். அடுத்த மாதம் அந்த இடத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். இதை நினைக்கக் கூடாது என்றுதான் பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். லேப்டாப் வாங்க வந்திருக்கிறோம். மகள் மேல்படிப்புக்குப் போகிறாள், புள்ளியியல், ஷில்லாங்கில், ரயிலில் உட்கார்ந்தால் இறங்கவே இறங்காத தூரம். அதற்கு ஒரு லேப்டாப். தில்லைநகரில் பெரிய கடை. ஏசி பிடரியில் அடிக்கிறது. செருப்பின் வழியாகத் தரை அதிர்வது தெரிகிறது. அந்தப் பக்கம் ஆளுயர ஸ்பீக்கர் எதையோ பாடிக்கொண்டிருக்க வேண்டும். சுவர் முழுக்க டிவிகள், எல்லாவற்றிலும் ஒரே கடல், ஒரே அலை ஒரே நேரத்தில் வந்து உடைகிறது.

“அப்பா, இங்க பாரு, கடலை அப்புறம் பார்க்கலாம்,” என்று என் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டுகிறாள் ஜெனோவா. கையில் பேசும்போது நீ, நீங்க என்று ஒன்றும் கிடையாது. ஒரு விரல் நீட்டினால் அது நீ, நீங்க, சாமியார், கலெக்டர், எல்லாம். மற்றவர்களிடம் வாயால் என்னைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அப்பா சொல்றாங்க என்பாளாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிக் காட்டித்தான் எனக்குத் தெரியும். “இதுல ரேம் பதினாறு. இது போதும். கணக்கு எல்லாம் வேகமா ஓடும். பேட்டரி நாள் பூரா நிக்குமாம். அதுக்கு மேல அவன் பேசினது எல்லாம் விளம்பரம், நான் விட்டுட்டேன்.” நான் கேட்கிறேன், கேமரா? “எல்லா லேப்டாப்லயும் கேமரா இருக்கும்பா.” இருக்கும், எப்படி இருக்கும்? “ஒரே மாதிரிதான் இருக்கும்.” அவள் எடையைப் பார்க்கிறாள். ஒவ்வொன்றையும் ஒற்றைக் கையால் ஓரத்தில் பிடித்துத் தூக்கி, தோளில் பை தொங்குவது போல உடம்பைச் சாய்த்துப் பார்த்துவிட்டு வைக்கிறாள். மலை ஊர், விடுதி மேலே, வகுப்பு கீழே, தினமும் ஏறி இறங்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு வேண்டியது எடை, பேட்டரி, ரேம். எனக்கு வேண்டியது திரைக்கு மேலே மிளகு அளவில் இருக்கிற அந்தக் கறுப்புப் புள்ளி. காலையில் என் மனைவி பிலோமினா, அவளுக்கும் காது கேளாது, தையல் மிஷினை விட்டு எழாமலே, வாயில் நூலைக் கடித்துக்கொண்டு, கல்யாண பிளவுஸை மடியில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் எடுத்துச் சொன்னாள்: “கை தெரியணும். கை தெரியாத பெட்டியைத் தூக்கிக்கிட்டு வீட்டுப் பக்கம் வராதே.” இவளுக்குக் கை ஓய்வதே அபூர்வம். தைக்கிற கைதான் பேசுகிற கையும். ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் வேலையை நிறுத்த வேண்டும். அதனால் சொன்னால் அது முடிவு.

போனில் பேசிப் பார்த்தாயிற்று. நேர்காணலுக்கு என்று ஜெனோவா சென்னைக்குப் போய்ச் சித்தி வீட்டில் தங்கியிருந்தபோது தினமும் வீடியோவில் வந்தாள். ஒரு கையில் போன், மிச்சம் இருப்பது ஒரு கை. அந்த ஒரு கையால் அவள் சொன்னதைப் பார்த்தபோது எனக்கு முன்பல் நான்கும் எடுத்துவிட்டு அளவு கொடுக்க வருகிறவர்கள் ஞாபகம்தான் வந்தது. காது கேட்கிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள், பல் போனால் பாதி எழுத்து காற்றாகப் போய்விடும் என்று. அப்படித்தான். அவள் கேள்வி கேட்கிறாளா, சொல்லி முடித்துவிட்டாளா என்றே தெரியவில்லை. போனைத் தண்ணீர்க் குடத்தின்மேல் சாய்த்து வைத்தாள். குடம் வியர்த்திருந்தது. போன் மெதுவாக வழுக்கி, முதலில் கை போய், கழுத்து போய், முகமும் கீழே போய், கடைசியில் சித்தி வீட்டு மின்விசிறி மட்டும் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது. பிலோமினாவும் நானும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்த மின்விசிறியை இப்போதும் வரைந்து காட்டுவேன், ஒரு இறக்கையில் மட்டும் துரு. பிறகு நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், தூங்கு என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டாள். அந்த மூன்றும் ஒரு கையால் சொல்லிவிடக் கூடியவை. அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. காதுகேளாதோர் சங்கத்தில் என்னோடு இருக்கும் சவரிமுத்துவின் மகன், காது கேட்கிறவன், எங்கள் கண்ணுக்கு முன்னால் எங்கள் எல்லோரையும் விட வேகமாகக் கையில் பேசிய பயல், கேலி என்றால் அப்படிக் கேலி செய்வான், செயலாளர் நடக்கிற மாதிரி இரண்டே விரலால் மேசைமேல் நடந்து காட்டுவான். பெங்களூரில் வேலை. கிறிஸ்துமஸுக்கு வந்தவன் என்னைப் பார்த்து நல்லா இருக்கீங்களா என்று காட்டிவிட்டு, அடுத்த வார்த்தைக்குக் கையைத் தேடினான். தேடினான் என்பதைப் பார்த்தேன். சட்டைப் பையில் சாவியைத் தேடுகிற மாதிரி விரல்கள் அலைந்தன. சவரிமுத்து பக்கத்தில் நின்று அவனுக்காகச் சொல்லி முடித்தான். இத்தனை நாள் மகன் அப்பாவுக்காகப் பேசியது போய் அப்பா மகனுக்காகப் பேசினான், அதுவும் எங்கள் பாஷையிலேயே. யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பயலின் தப்பும் இல்லை. வருஷம் பூரா மூன்றே வார்த்தை பேசினால் கை என்ன செய்யும். நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். தூங்கு.

தினகரன் இப்போது எதையோ கேட்கிறான். ஜெனோவா வாயால் பதில் சொல்கிறாள். அவள் பேசும்போது தொண்டைக்குழி துடிப்பதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். பக்கத்து வீட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்தே பேச்சைக் கற்றுக்கொண்டவள். அவன் தலையை ஆட்டுகிறான், என் பக்கம் பார்க்கிறான், மறுபடி அவளைப் பார்த்து எதையோ நீளமாகச் சொல்கிறான். கீழுதடு திறந்து, மீசைக்கு அடியில் உள்ளே மடங்கி, மூடுகிறது. வார்த்தை தெரிந்துவிட்டது: பாவம். இதற்கு மீசை ஒரு தடையே இல்லை. எத்தனை வாய்களில் பார்த்திருக்கிறேன், பல் உள்ள வாய், இல்லாத வாய், கிழவி, கண்டக்டர், நர்ஸ். தாடி வைத்த துறவி சொன்னாலும் இந்த ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்துவிடுவேன். அதற்குப் பின்னால் வந்தது மட்டும் மீசைக்குள் போய்விட்டது. ஜெனோவாவின் கைகள் உடனே எழவில்லை. இடுப்புப் பக்கம் ஒரு கணம் அப்படியே நிற்கின்றன. அந்தக் கணத்தை எனக்கு நன்றாகத் தெரியும். வந்த சாமானைப் பிரித்துப் பார்த்து, கல்லைப் பொறுக்கிவிட்டுத் தட்டில் போடுகிற நேரம் அது. பிறகு சொல்கிறாள்: “கீ போர்டு நல்லா இருக்கும், தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றான்.” ஓ, என்கிறேன். தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாதது நல்லதுதான். நான் நம்பிவிட்டேன் என்று அவள் நம்ப வேண்டும், அதற்கு நான் லேசாகக் கீ போர்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும், தொட்டுப் பார்க்கிறேன். இது எங்கள் இருவருக்கும் பழகிய ஒரு விளையாட்டு, ஆனால் விளையாடுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. பிலோமினாவுக்கு வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் அம்மா நெடுநேரம் பேசினார். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாத வயது ஜெனோவாவுக்கு. கேட்டாள், கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு நிறுத்தினாள், பிறகு அம்மாவைப் பார்த்து, சின்ன கட்டி, எடுத்துடுவாங்க, ஐஸ்கிரீம் சாப்பிடலாமாம் என்றாள். பிலோமினா சிரித்தாள். எனக்கு டாக்டர் அம்மாவின் முகம் தெரிந்திருந்தது. அது ஐஸ்கிரீம் பற்றிப் பேசிய முகம் இல்லை. நல்லபடியாக முடிந்தது, அது வேறு விஷயம். ஆனால் அந்த ஐஸ்கிரீமை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். எத்தனை வார்த்தைகளை இந்தப் பிள்ளை எங்களுக்காக வாயில் வாங்கி, மென்று, சூடு ஆறவைத்துக் கொடுத்திருக்கும். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்படித்தான். ராத்திரி அழுதால் தெரிய வேண்டுமே என்று பிலோமினா தன் மணிக்கட்டில் ஒரு துணிநாடாவைக் கட்டி அதன் மறுமுனையைக் குழந்தையின் காலில் கட்டியிருப்பாள். கால் உதைத்தால் அம்மா விழிப்பாள். மற்ற பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு அழும். இது கண்ணைத் திறந்து, நாங்கள் பார்க்கிறோமா என்று பார்த்து, பார்த்தால்தான் அழும். பார்க்காதபோது காலை மட்டும் ஒரு இழுப்பு. அந்தத் துணிநாடா பீரோவில் எங்கேயோ இருக்கிறது.

“அப்பா, வா, பெரிய விலையில ஒண்ணு காட்டுறானாம்.” தினகரன் எங்களை வேறொரு மேசைக்குக் கூட்டிப்போகிறான். விளக்கு கீழிருந்து வருகிற மேசை. அதன்மேல் ஒன்று, ஒரு பத்திரிகையின் கனம்கூட இருக்காது. ஜெனோவா ஓரத்தைப் பிடித்துத் தூக்கியதும் அவள் புருவம் ஏறுகிறது. இடது புருவத்தில் பாதியில் ஒரு வெட்டு, தொட்டிலில் இருந்து விழுந்தது; அந்த இடத்தை இரண்டு விரலால் தட்டினால் எங்கள் பாஷையில் ஜெனோவா என்று அர்த்தம், அவளுக்கு அதுதான் பெயர். எடுத்துக்கொள்ளலாம் என்கிற ஆசை அந்தப் புருவத்தில் அப்படியே இருக்கிறது. நான் கேமரா என்கிறேன். அவள் பெருமூச்சு விட்டு அவனிடம் கேட்கிறாள். அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. திரையில் ஜெனோவாவின் முகம் வருகிறது, எவ்வளவு துல்லியம், மூக்குத்திக்காகக் குத்திப் பிறகு தூர்ந்துபோன புள்ளிகூடத் தெரிகிறது. பேசு என்கிறேன். அவள் கையைத் தூக்குகிறாள், தூக்கிய கணத்தில் படம் தானாகவே நகர்ந்து நெருங்கி அவள் முகத்தைத் திரை முழுக்க நிரப்புகிறது. திரையில் இருக்கிறவள் தோளைக் குலுக்கிக்கொண்டிருக்கிறாள். நிஜமாக நிற்கிறவள் கையில் எதையோ சொல்கிறாள். தினகரன் இரண்டு கையையும் விரித்துப் பெருமையாக நிற்கிறான். “கேமராவுக்கு மூளை இருக்காம்பா,” என்று ஜெனோவா கண்ணில் சிரிப்போடு சொல்கிறாள், “ஆள் எங்க போனாலும் முகத்தை மட்டும் விடாம பிடிச்சுக்குமாம். பின்னாடி வீடு எப்படி இருந்தாலும் மறைச்சுடுமாம்.” சொல்லிக்கொண்டே ஒரு கையைப் பக்கவாட்டில் விரிக்கிறாள். திரையில் அந்தக் கை, மணிக்கட்டு வரை இருந்தது, விரல்களுக்குப் போகும்போது தண்ணீரில் விழுந்த வெல்லம் மாதிரி கரைந்து கடையின் சுவரோடு சேர்ந்துபோகிறது. மறுபடி நீட்டுகிறாள், மறுபடி கரைகிறது. இதைச் செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, நல்லது என்று நினைத்துத்தான் செய்திருப்பார்கள். மனிதன் என்றால் ஒரு முகம், மிச்சம் எல்லாம் பின்னணி, மறைத்துவிடலாம். அந்த மூளைக்கு என் மகளின் பேச்சும் சுவரும் ஒன்று. ஒரு வேளை அங்கே போன பிறகு அவள் அழுதுகொண்டே கையில் எதையோ சொல்ல, இந்த மூளை அழுகிற முகத்தை மட்டும் அழகாகக் கிட்டக் கொண்டுவந்து காட்ட, நானும் பிலோமினாவும் என்ன, என்ன என்று. வேண்டாம், என்கிறேன். “அதை நிறுத்திக்கலாம்பா, செட்டிங்ஸ்ல இருக்கும்.” தினகரன் தேடுகிறான். ஒன்றை அமுக்கினான், முகத்தில் பவுடர் போட்ட மாதிரி ஆனது. இன்னொன்றை அமுக்கினான், ஜெனோவா தலையில் பூனைக் காது முளைத்தது. அவள் அந்தக் காதோடு என்னைப் பார்த்து, “எடுத்துக்கவா? அம்மாவுக்குப் பிடிக்கும்,” என்கிறாள். நான் சிரித்துவிட்டேன். என் சிரிப்புச் சத்தம் எப்படி இருக்குமோ, தினகரன் ஒரு கணம் திகைத்துப் பார்த்தான். கடைசியில் மூளையை அணைத்தும் விட்டான். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அணைத்தது எப்போது தானாக விழித்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்.

பிறகு மலிவாக ஒன்று. அதில் கடை வெளிச்சத்திலேயே அவள் அந்தி நேரத்தில் நிற்கிறவள் மாதிரி இருந்தாள், கையை ஆட்டினால் ஐந்து விரலும் ஒரு விசிறியாகிவிட்டது. இது வேண்டாம் என்று அவளே வைத்துவிட்டாள். மூன்றாவதாக அவன் காட்ட விரும்பாத ஒன்று ஓரத்தில் இருந்தது, போன வருஷத்து மாடலாம், சாம்பல் நிறம், கனம். நான் அதைத் திறந்தேன். திரையில் நான் வந்தேன். பின்னால் வாஷிங் மிஷின்கள், டிவிக் கடல், எல்லாம் வந்தன. எதையும் மறைக்கவில்லை. கையைத் தூக்கினேன், கை வந்தது. விரல்களைத் தனித்தனியாக மடக்கினேன், தனித்தனியாக மடங்கின. “அப்பா, இது அம்மிக்கல்லு,” என்று தூக்கிப் பார்த்துச் சொல்கிறாள் ஜெனோவா. “இதைத் தூக்கிக்கிட்டு நான் மலை ஏறணுமா? படிக்கப் போறேனா, கூலி வேலைக்குப் போறேனா?” உனக்கு நல்ல தோள், என்கிறேன். “தோள் எனக்கு. கேமரா உனக்கு. நல்லா இருக்கே கதை.” அவள் கைகள் கோபத்தில் கொஞ்சம் வெடுக்கென்று பேசுகின்றன, ஆனால் வாய் ஓரம் கோபத்தில் இல்லை. அவள் சொல்வதும் சரிதான். அவள் படிக்கத்தானே போகிறாள், என்னோடு பேசவா போகிறாள். தினமும் மலையில் ஏறி இறங்கும்போது அவள் தோளில் நானும் பிலோமினாவும் உட்கார்ந்திருப்போம், கூடுதல் எடையாக. இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தது போதாதா. அந்த மெல்லியதையே வாங்கிக் கொடுத்துவிடலாம். கை தெரியவில்லை என்றால் முகம் பார்த்துக்கொள்ளலாம், எழுதி அனுப்பலாம், எழுத்து இருக்கிறதே. எழுத்தில் நல்லா இருக்கேன் என்று போடுவாள். எழுத்துக்குக் கை நடுங்குவது தெரியாது. நான் இப்படி நிற்பதை அவள் பார்த்திருக்க வேண்டும். என் போனைச் சட்டைப் பையிலிருந்து உருவிக்கொண்டாள். “சரி, இப்படி நின்னா ஆகாது. பேசிப் பார்த்துடுவோம். நீ இங்க, நான் ஷில்லாங்.” தினகரனிடம் எதையோ சொன்னாள், அவன் சாம்பல் லேப்டாப்பில் இணைப்பு கொடுத்தான், அவள் டிவிகளைத் தாண்டி, பிரிட்ஜ் வரிசையைத் தாண்டி, கடையின் கோடிக்குப் போய் மறைந்தாள்.

திரை ஒரு கணம் கறுப்பு. பிறகு வந்தாள். போனை ஏதோ மிக்ஸி பெட்டியின்மேல் சாய்த்து வைத்துவிட்டு எட்டி நிற்கிறாள், இடுப்பு வரை தெரிகிறது. இரண்டு கையையும் தூக்கி உள்ளங்கையைக் காட்டினாள், பல் பார்க்க வாயைத் திறக்கிற குழந்தை மாதிரி. “தெரியுதா?” தெரியுது, விரல் எல்லாம் இருக்கு, எண்ணிட்டேன் என்றேன். “ஷில்லாங்ல குளிரா இருக்குப்பா, பக்கத்துல பிரிட்ஜைத் திறந்து வச்சிருக்காங்க.” அம்மாவை விசாரித்ததாகச் சொல்லு என்றாள், நீயே சொல் என்றேன், சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்றாள், முகத்தைச் சுளித்து, நாக்கை நீட்டி, மூன்று கையால் பேசுகிற மாதிரி அவ்வளவு வேகம். ஒரு வார்த்தை நழுவவில்லை. மேசைமேல் மணிக்கட்டை ஊன்றியிருந்தேன். மேசை நடுங்கியது. முதலில் லேசாக, பிறகு எலும்புக்குள் ஏறுகிற மாதிரி. அவள் சிரிக்கிறாள், அவள் குரல்தான் இந்தப் பெட்டிக்குள் வந்து மேசை வழியாக என் கைக்கு வருகிறது என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் தொண்டைக்குழியில் பார்த்த ஒன்று இப்போது மணிக்கட்டில் கிடைக்கிறது, இந்த லேப்டாப்பை விடவே கூடாது என்று நினைத்து, இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டேன். அவள் முகம் திரையில் சட்டென்று மாறியது. இரண்டு கையும் காதுக்குப் போயின. நிமிர்ந்து பார்த்தால் கடையில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள். மிக்ஸி பார்க்க வந்த அம்மா, சேல்ஸ்காரர்கள், தோளில் குழந்தையோடு ஒருவர். அந்தக் குழந்தை வாயைத் திறந்து அழுகிறது. தினகரன் ஓடி வருகிறான், வாய் முழுக்கத் திறந்திருக்கிறது, முதல்முறையாக அவன் மேல்பல் வரிசையைப் பார்க்கிறேன், நல்ல வரிசை, அதைப் போய் மறைத்து வைத்திருக்கிறானே. என் கைக்குக் குறுக்கே பாய்ந்து எதையோ அமுக்கினான். நடுக்கம் நின்றது. “அப்பா!” திரையில் ஜெனோவா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், “ஒரே கடைக்குள்ள போனும் லேப்டாப்பும் ஒண்ணையொண்ணு கேட்டுக்கிட்டு ஊன்னு ஊளை விடுது. கடையே காதைப் பொத்திக்கிட்டு நிக்குது, நீ மட்டும் கும்பிடுற மாதிரி மேசையைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிற. எனக்கும் சத்தத்தைக் குறைக்கணும்னு தோணலை பாரு. உன்கூடப் பேசும்போது அந்த ஞாபகமே வராது.” உன் குரல் என்று நினைத்தேன் என்றேன். அவள் சிரிப்பு மெதுவாக அடங்கியது.

எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பார்க்கட்டும். என்ன பேசுகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. இவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் இப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு பேச எங்களால்தான் முடியும். தினகரன் என் பக்கத்தில் நின்று, வாங்குவார்களா மாட்டார்களா என்று திரையையும் என்னையும் மாறிமாறிப் பார்க்கிறான். நான் கேட்டேன்: இந்த ஆள் அப்போது என்ன சொன்னான்? “எப்போ?” கீ போர்டுக்கு நீ தண்ணீர்க் கதை சொன்னபோது. திரையில் அவள் கைகள் நின்றன. கல் பொறுக்குகிற அந்த நேரம். இடுப்பு வரை தெரிவதால் அது தெரிந்தது, அந்த மூளைக் கேமராவில் தெரிந்திருக்காது. பொறுக்காதே, என்றேன். அங்கே போய் இப்படிப் பொறுக்கிப் பொறுக்கி அனுப்பினால் எனக்கு என்ன வரும்? நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், தூங்கு. அதற்கு இந்த அம்மிக்கல் எதற்கு, ஒற்றைக் கை போதுமே. வந்ததை வந்தபடி கொடு. பின்னால் யாரோ பிரிட்ஜைத் திறந்தார்கள், வெளிச்சம் அவள்மேல் விழுந்து மூடியது. “உனக்குத் தெரியுமா?” பாவம் மட்டும் தெரியும். “எப்பவுமேவா?” எப்பவுமே. ஐஸ்கிரீம்கூட. அவள் கீழுதட்டைக் கடித்தாள். பிறகு கைகள் எழுந்தன, வேகமில்லாமல், ஒவ்வொரு வார்த்தையையும் முழுசாக வைத்து: “எங்க படிக்கப் போறேன்னு கேட்டான், சொன்னேன். ‘பாவம், இவ்வளவு தூரம் போறியேம்மா, இனிமே இவங்களுக்கு யாரு பேசுவா’ன்னு கேட்டான். நல்ல ஆளுதான்பா, அக்கறையாத்தான் கேட்டான்.” நீ என்ன சொன்னாய்? “பார்த்துக்குவாங்கன்னு சொன்னேன். அவன் கேட்டதுக்கு முன்னாடியே நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். தினமும். நீ லேபுக்குப் போற பஸ் மாறினா யாரு சொல்லுவா. அம்மாவுக்கு மறுபடி வயிறு வலிச்சா. எனக்கு அங்க உங்களை மாதிரி கையில பேச ஆள் இருக்காது, ஒருத்தர்கூட. நாள் பூரா கை சும்மா கிடக்கும். எனக்குப் பயமா இருக்குப்பா.” கடைசி வார்த்தைக்கு இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால் வந்து நடுங்கின; எங்கள் பாஷையில் பயம் என்றால் அப்படித்தான். அது அந்த வார்த்தையின் நடுக்கம் மட்டும் இல்லை, அவளுடையதும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தது. அவ்வளவு தெளிவு.

இதுதான், என்று தினகரனுக்குச் சாம்பல் லேப்டாப்பைத் தொட்டுக் காட்டினேன். அவனுக்குப் புரிந்தது, தலையை ஆட்டிக்கொண்டு பெட்டி எடுக்கப் போனான். அவள் காத்திருந்தாள். ஒன்றும் ஆகாது, பஸ் மாறினால் நாங்களே எழுதிக் கேட்டுக்கொள்வோம், நீ பிறப்பதற்கு முன்னால் யார் வந்து பேசினார்கள் என்று ஒரு நீண்ட தைரியத்தைச் சொல்ல எல்லாம் தயாராக இருந்தது. கையைத் தூக்கினேன். திரையின் மூலையில் சின்னச் சதுரத்தில் நான் இருந்தேன், அவள் சொன்னதைப் பார்க்கக் குனிந்ததில் மிகவும் கிட்ட வந்திருந்தேன், கழுத்தோடு சரி, கை பாதி வெளியே போய்விட்டது. நானும் முகமாக மட்டும் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் நகர்ந்தேன். வாஷிங் மிஷின் முதுகில் இடித்தது, அதற்குள் நெஞ்சு வந்து, முழங்கை வந்து, இரண்டு கையும் முழுதாகச் சதுரத்துக்குள் வந்துவிட்டன. “இப்போ தெரியுது,” என்றாள் ஜெனோவா. “சொல்லு.” தைரியத்தை எல்லாம் அங்கேயே போட்டுவிட்டேன். எனக்கும், என்றேன். நெஞ்சை ஒரு தரம் தட்டினால் முடிந்தது, அதற்கு ஒரு கை போதும். இரண்டு கையாலும் சொன்னேன்.